பேஸ்பாலில் ஒரு இன்னிங் மட்டும் வந்து பந்து போடும் ரிலீஃப் பிட்சருக்கு ஏன் இவ்வளவு சம்பளம்? அது சுகமான வேலைதானே?

நீங்களும் என்னைப் போல கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள். நியூஜெர்சி வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. பேஸ்பாலில் இரு அணியும் ஒரு முறை பேட் செய்தால் ஒரு இன்னிங், ஒன்பது இன்னிங் சேர்ந்தால் ஒரு ஆட்டம். முதலில் இறங்கிப் பந்து போடுபவர் ஸ்டார்ட்டர், பின்னால் அவருக்குப் பதில் வருபவர் ரிலீஃப் பிட்சர். மூன்று மணி நேர ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் ஒருவர் ஓடி வருகிறார், பதினைந்து பந்து போடுகிறார், கைகுலுக்கிவிட்டுப் போகிறார். ஆனால் "சுகமான வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-இல் பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரு படி கீழே டிரிபிள்-ஏயில் அழைப்புக்குக் காத்திருப்பவர்களுக்குத் தொடக்கம் 35,800 டாலர். நடுத்தர ரிலீஃப் பிட்சரின் பிழைப்பு இந்தப் படியில் ஏறி இறங்குவதுதான். நேற்று இரண்டு இன்னிங் போட்டுக் கை ஓய்ந்துவிட்டால் இன்று கீழே அனுப்பிவிட்டு வேறொருவரை வரவழைப்பார்கள். ஒருவரை ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி இறக்கக் கூடாது என்று 2022 ஒப்பந்தத்தில் எழுத வேண்டி வந்தது. ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் இடமான புல்பென்னில் போன் அடித்தால் எழுந்து கையைச் சூடேற்ற வேண்டும். மேனேஜர் மனம் மாறினால் மறுபடி உட்கார வேண்டும். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் ஏறாது.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நான் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் ராத்திரி ஆன்-கால் பார்த்தவன். இடுப்பில் பேஜர். ஏதாவது உடைந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

2004 அக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை. பாஸ்டனில் நியூயார்க் யாங்கீஸுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் நடந்த தொடரின் நான்காவது ஆட்டம். முதலில் நான்கு ஜெயிப்பவருக்குத் தொடர். யாங்கீஸ் ஏற்கெனவே மூன்று ஜெயித்தாயிற்று, இதில் 4-3 என்று முன்னிலை. முடித்து வைக்க யாங்கீஸின் ரிலீஃப் பிட்சர் மரியானோ ரிவேரா வந்திருந்தார். பனாமாவில் மீன்பிடிப் படகு கேப்டனின் மகன். பந்து கடைசி நொடியில் விலகும் கட்டர் என்ற ஒரே ஆயுதத்தை வைத்து ஓய்வு பெறுவதற்குள் 652 சேவ் எடுத்தவர். இன்றுவரை அதைத் தாண்ட ஆளில்லை. சேவ் என்றால், பொதுவாக, மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையைக் கடைசிவரை காத்துக் கொடுப்பது. ஐந்து நாள் முன்னால்தான் பனாமாவில் அவர் வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் தாக்கி இறந்த உறவினர் இருவரை அடக்கம் செய்துவிட்டு, அன்றிரவே நியூயார்க் பறந்து வந்து முதல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்திருந்தார்.

அவர் ரெட் சாக்ஸின் கெவின் மில்லாருக்கு வாக் கொடுத்தார், அதாவது நான்கு பந்தைத் தவறாகப் போட்டு அவரைச் சும்மாவே முதல் பேஸுக்கு விட்டார். நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். மில்லாருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ், பந்து போடும் நேரத்தில் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். பில் முல்லர் அடித்த பந்து நடுவில் போனது, ராபர்ட்ஸ் ஓடி வந்து ரன் எடுத்தார். 4-4. சமநிலையில் ஒன்பதைத் தாண்டி நீண்டு, பன்னிரண்டாவது இன்னிங்கில் யாங்கீஸுக்கு ஆட்டமே போயிற்று.

அந்த நள்ளிரவில்தான் என் பேஜரும் அடித்தது. ராத்திரியில் தானாக ஓடும் கம்ப்யூட்டர் வேலையான பேட்ச் ஜாப் பாதியில் நின்றுவிட்டது. ஒரு கண் டிவியில் இருந்ததா, தூக்கக் கலக்கமா, இன்றைக்கும் தெரியவில்லை. தவறான ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டிவிட்டேன். ஆயிரக்கணக்கான என்ட்ரி இரட்டையாக விழுந்தது. காலை மீட்டிங்கில் பன்னிரண்டு பேர் முன்னால் என் பெயர் திரையில் இருந்தது. அதற்கு முந்தைய நாலு மாதத்தில் சத்தமில்லாமல் சரிசெய்த முப்பது சொச்சம் ராத்திரிகள் எந்தத் திரையிலும் வரவில்லை. அந்த வருஷ அப்ரைசலில் மேனேஜர் சொன்னது: "பிரச்சினை வந்தால்தானே உங்களுக்கு வேலை."

கோடீஸ்வரரோடு உன்னை ஒப்பிடுகிறாயா என்று யாராவது கேட்பீர்கள். திறமையை ஒப்பிடவில்லை, அந்த வேலையின் தன்மையைச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர்தான் பெரியவர் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. 19 சீசனில் ரிவேரா போட்டது மொத்தம் 1,283 இன்னிங். நல்ல ஸ்டார்ட்டர் ஆறேழு வருஷத்தில் அதைப் போட்டுவிடுவார். ஆனால் ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்கில் தடுமாறினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கிறது. கடைசியில் வருபவருக்கு அது கிடையாது.

யார் கண்ணிலும் படாத வேலையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் வீக்கெண்ட் கிரிக்கெட்டில் பதினைந்து பேர். எல்லோருக்கும் ஓபனிங் இறங்க வேண்டும். காலை ஆறரைக்கு மேட் விரிக்க, ஆணி அடிக்க, முடிந்தபின் சுருட்டி வண்டியில் ஏற்ற நானும் இன்னொருவரும்தான். ஆறு வருஷம் செய்தேன். நான் விலகியபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமைக்கு வருகிறேன். பேஜரை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற யோசனையோடுதான் வீட்டுக்கு வந்து டிவி போட்டேன். ஐந்தாவது ஆட்டம், எட்டாவது இன்னிங். யாங்கீஸின் இன்னொரு ரிலீஃப் பிட்சர் டாம் கார்டன் முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆளை வைத்துவிட்டுப் போகிறார். ஒரு ரன்தான் முன்னிலை. மறுபடி ரிவேரா. மூன்றாவது பேஸில் நிற்பது அதே ராபர்ட்ஸ். ரெட் சாக்ஸின் வாரிடெக் தூக்கி அடித்த பந்தில் அவுட் கிடைத்தது, ஆனால் ராபர்ட்ஸ் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார், ஆட்டம் சமம். ரன் கார்டன் கணக்கில், கோட்டைவிட்ட சேவ் ரிவேரா கணக்கில். விதி அப்படி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த பந்தை வாங்கினார், அதற்குப் பிறகு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் இரண்டு இன்னிங் முடித்துவிட்டுப் போனார். யாங்கீஸ் அந்த ஆட்டத்தையும் தோற்றது, தொடரையும் தோற்றது.

நான் பேஜரை யாரிடமும் கொடுக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் பாஸ்டனில் ரிவேராவின் பெயரை அறிவித்தபோது எதிரணி ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள், தங்களுக்குக் கோப்பை கிடைக்க வழிவிட்டதற்காக. அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அந்த 2005 சீசனில் 43 சேவ் எடுத்தார்.