கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் 'கீ…' என்று சத்தம் வருகிறது, எனக்கு மட்டும்தான் கேட்கிறது. இது பிரமையா?

பிரமை இல்லை. அந்த வார்த்தையை இரண்டு மாதம் என் வீட்டிலேயே கேட்டவள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஷட் டவுன் செய்த பிறகு மெல்லிய சத்தம் வருகிறது, வேறு யாருக்கும் கேட்கவில்லை, தூக்கம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் நீங்கள்தான் இளையவர் என்று நினைக்கிறேன். யூ.பி.எஸ்.ஸை நீங்கள் அணைப்பதே இல்லை, ஏனென்றால் அதில்தான் வைஃபை ரூட்டரும் ஓடுகிறது. சரியா? என் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

நான் ஈரோட்டில் நாலு ஜவுளிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படுக்கையறையில் இருக்கிறது, வேறு இடம் இல்லை. ஜி.எஸ்.டி. தாக்கல் நாட்களில் பதினொன்று, பதினொன்றரைக்கு அணைத்துவிட்டுப் படுப்பேன். படுத்தவுடன் அந்தச் சத்தம். காதருகே வந்த கொசு நகராமல் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் கேட்காது, கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி கேட்கும்.

ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டியூப்லைட் சோக், செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர்மேல் சந்தேகமே வரவில்லை, அதுதான் அணைந்திருக்கிறதே. காலையில் அதை ஆன் செய்தால் சத்தமும் இருக்காது. கணவர் வந்து நின்று பார்த்துவிட்டு "ஒண்ணுமே கேக்கலையே" என்றார். மாமியார் பத்து நிமிடம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலை கண்ணு, நீ ராவெல்லாம் கம்ப்யூட்டரையே பாக்கறே, அதான்" என்றார். மறுநாள் கோயிலில் மந்திரித்த கயிறு வந்தது. பாசத்தில் செய்ததுதான், கட்டிக்கொண்டேன். ஆனாலும் இருக்கிற சத்தத்தை இல்லை என்று இரண்டு பேர் சொன்னால் மனசு என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும்.

காது டாக்டரிடமும் போனோம். ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். நார்மல். டென்ஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சோதனை வழக்கமாக 8,000 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 8,000 அதிர்வு) நின்றுவிடும், அதைவிடக் கீச்சென்ற ஒலியைப் பார்க்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. (டாக்டரிடம் போக வேண்டாம் என்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். காதிரைச்சல் (வெளியே சத்தம் இல்லாமலே காதுக்குள் கேட்பது) நிஜமான தொந்தரவு, அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மொட்டை மாடிக்குப் போய் நில்லுங்கள். சத்தம் கூடவே வந்தால் காதைக் காட்டுங்கள். அறையிலேயே தங்கிவிட்டால் அங்கே இருக்கும் பொருளைத் தேடுங்கள்.)

அப்புறம் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு நோட்டில் வரவு செலவு மாதிரி பதிவு எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், சத்தம் உண்டா இல்லையா, அந்த நேரத்தில் வீட்டில் என்னென்ன ஓடுகிறது. பதினாறு நாள் எழுதியதில் ஐந்து ராத்திரி சத்தமே இல்லை. அந்த ஐந்து நாளும் என் பையன் தன் போனைக் கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி.யில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போன் சார்ஜ் ஆகிறது. அப்படியானால் உள்ளே ஏதோ ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஆமாம், ஓடுகிறது. ஷட் டவுன் செய்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் (வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) ஒரு சின்னப் பகுதி, பவர் பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்வதற்காக, 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. வழக்கமான வேகம் மனிதக் காதுக்கு எட்டாது. லோடு, அதாவது அதிலிருந்து இழுக்கும் மின்சாரம், மிகவும் குறைந்துவிட்டால் சில சர்க்யூட்டுகள் விட்டுவிட்டு வேலை செய்யும். அப்போது அந்த வேகம் 20,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு எட்டும் அளவுக்கு இறங்கிவிடும், உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதற்கேற்ப அதிரும். போனை மாட்டினால் லோடு கூடுகிறது, சத்தம் நிற்கிறது.

கொத்தனார் விட்டுப்போன லெவல் டியூப் (தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் குழாய்) ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை கேபினட் பின்னால் மெதுவாக நகர்த்தினேன். எஸ்.எம்.பி.எஸ். ஜல்லடைக்கு நேரே வந்ததும் சத்தம் தெளிவாகக் கேட்டது. போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 14,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு நேர்கோடு. யூ.பி.எஸ்.ஸை அணைத்தேன், கோடு மறைந்தது. ஆன் செய்தேன், வந்தது. அவ்வளவு உயர்ந்த ஒலியின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். சுவரில் பட்டுத் திரும்பும் அலையோடு கலந்து ஓரிடத்தில் கூடும், பக்கத்திலேயே குறையும். தலையை அசைத்தால் மாறியது அதனால்தான்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்தேன். பதினொரு வயதுப் பையனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றேன். யூ.பி.எஸ்.ஸைப் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்தும் சரி. யூ.பி.எஸ். சுவிட்ச் சத்தத்தைக் கேட்டுத் தூக்கினான் என்று சொல்பவர்களுக்கு: சுவிட்சை அழுத்துவது போல நடித்தும் பார்த்தேன், அவன் ஏமாறவில்லை. கணவர் போன் திரையையும் பையன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார்.

ரூட்டரைத் தனி பிளக்குக்கு மாற்றி, ராத்திரி யூ.பி.எஸ்.ஸை அணைத்தாலே தூக்கம் வந்துவிட்டது. அடுத்த மாதம் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றினேன். கடையில் "ஃபேனில் தூசி இருக்கும் மேடம், சார் வரலையா?" என்றார்கள். அணைத்த கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் தயவுசெய்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும்.

இனி சொல்வது நீங்கள் கேட்காதது. என் கணவருக்கு 44 வயது, பதினெட்டு வயதிலிருந்து தறிப்பட்டறையில் வேலை. வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும் என்று தெரிந்துகொண்டபோது, அவருக்கு வயதுதான் காரணமா என்று கேள்வி வந்தது. இந்தமுறை காது டாக்டரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸில் கோடு கீழே இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கேதான் முதலில் விழுமாம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு முதலாளிகூட அவருக்குக் காதில் வைக்க ஓர் அடைப்பான் வாங்கித் தந்ததில்லை. இப்போது நானே வாங்கி டிபன் பையில் வைக்கிறேன். கூட வேலை செய்யும் இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

நீங்கள் இன்றைக்கு ராத்திரி யூ.பி.எஸ்.ஸை அணைத்துப் பாருங்கள். நின்றதா இல்லையா என்று கீழே எழுதுங்கள்.