ஒன்றேகால் ஏக்கர் தரிசு: முதல் வேலை நடவு அன்று

கேள்வி: விழுப்புரம் மாவட்டம் வானூர் பக்கம் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் செம்மண் மானாவாரி நிலம் உள்ளது. முன்பு மணிலா (நிலக்கடலை) போட்டுவந்தோம். பதினைந்து ஆண்டுகளாகத் தரிசு. பாதியில் வேலிக்காத்தான் எனப்படும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. மீதியில் ஊர் ஆடுகள் மேய்கின்றன. இந்த நிலத்தைக் காட்டுக்கே திருப்பித் தர விரும்புகிறேன். ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து ஐந்நூறு கன்றுகள் நடலாம் என்கிறார் நண்பர். இங்கிலாந்தின் நெப் பண்ணையைப் போல எதையும் நடாமல் விட்டுவிட்டால் போதும் என்றும் படித்தேன். எது சரி? இவ்வளவு சிறிய இடத்தில் செய்வதால் பயன் உண்டா?

பதில்: இரண்டு வழிகளுமே உங்கள் நிலத்துக்குப் பொருந்தா. நெப் பண்ணை சுமார் 3,500 ஏக்கர் பரப்பு; அங்கே மாடு, குதிரை, பன்றி, மான் ஆகியவற்றை அளவோடு உலவவிட்டு, அவற்றின் மேய்ச்சலும் மிதியும் நிலத்தை மாற்றும்படி செய்தார்கள். உங்கள் நிலத்தில் மேய்ச்சல் ஏற்கெனவே அளவை மீறிவிட்டது. வேலிக்காத்தானும் தானாக இடம்விட்டு நகரும் செடி அன்று. ஜேசிபியோ, மேல்மண்ணை வழிக்கும்போது அதில் உறங்கிக் கிடக்கும் வேர்களையும் விதைகளையும் சேர்த்தே வழித்துவிடும். அப்படி மொட்டையாக்கிய செம்மண்ணில் முதல் மழைக்கு முந்திக்கொண்டு முளைப்பது மறுபடியும் வேலிக்காத்தானாகவே இருக்கும்.

ஆடு மேயும் பக்கத்தில் ஒருநாள் காலையில் போய் உட்கார்ந்து, தரையோடு தரையாகக் கிடக்கும் புதர் ஒன்றைக் கையால் விலக்கிப் பாருங்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத அதன் அடித்தண்டு கட்டைவிரல் பருமனுக்கு இருந்தால், அது இந்த ஆண்டு முளைத்த செடி அன்று; துளிர்க்கத் துளிர்க்கக் கடிபட்டு, பல ஆண்டுகளாக அதே இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரம். நுணா, உசிலை, வேம்பு, களா என்று அப்படிச் சில கட்டாயம் கண்ணில் படும். சங்கஞ்செடியின் முட்களுக்கு நடுவே ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் ஒரு கன்று நேராக எழுந்து நிற்பதையும் காணலாம். பறவை உட்கார்ந்து எச்சமிட்ட இடம் அது. நைஜர் நாட்டில் 1980-களில் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ கண்டுகொண்டதும் இதைத்தான்: கன்று நடும் திட்டங்கள் தோற்ற அந்த வறண்ட மண்ணில், வெட்டுப்பட்ட மரங்களின் வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடு இருந்தன. உழவர்கள் அவற்றின் துளிர்களில் திடமானவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துக் காத்ததால், சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் எழுந்தன. ஆகவே நடவுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை வேலிக்குச் செலவிடுங்கள். ஒரு முழு மழைக்காலம் பொறுத்து, எழுந்து வருவதை எண்ணிப் பார்த்த பிறகே கன்று வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

வேலிக்குக் கம்பிதான் வேண்டும் என்பதில்லை. வெட்டும் வேலிக்காத்தான் முள்ளையே நெஞ்சுயரத்துக்கு அடுக்கி, உள்வரிசையில் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஊன்றினால், முள் மக்கிப்போவதற்குள் கிளுவை உயிர்வேலியாகிவிடும். அடுக்கும் முள்ளில் காய் இருக்கக்கூடாது. ஆடு மேய்ப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, புல் விதை உதிர்த்த பிறகு அறுத்துக்கொண்டு போகலாம் என்று உடன்பாடு செய்துகொள்வது எந்த வேலியையும்விட உறுதியானது என்பது என் கருத்து.

வேலிக்காத்தானைத் தரையோடு வெட்டினால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பும்; துளிர்க்கும் மொட்டுகள் அடித்தூரிலும் மண்ணுக்குச் சற்றுக் கீழேயும் இருப்பதே காரணம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஓரடி ஆழமாவது தோண்டித் தூரோடு எடுக்க வேண்டும். கரிமூட்டத்துக்கு மரம் எடுப்பவர்களிடம் குத்தகை பேசுவதானால், தூரெடுப்பதையும் சேர்த்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மரத்தை அவர்கள் கொண்டுபோவார்கள், கட்டை உங்களுக்கு மிஞ்சும். முழுவதையும் ஒரே ஆண்டில் அகற்றவும் வேண்டாம். சிறியவற்றை எல்லாம் இப்போதே பிடுங்கிவிட்டு, பெரிய மரங்களை மூன்று பங்காக்கி ஆண்டுக்கு ஒரு பங்காக எடுங்கள். அவற்றின் கிளைகளில் சின்னானும் குயிலும் மைனாவும் அமர்ந்து போடும் விதைகள் அந்த நிழலிலேயே முளைத்திருக்கும். விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒருமுறை சுற்றி வந்து நாற்றுகளைக் கையால் பிடுங்குவதைக் கைவிடக்கூடாது.

அடுத்தது மண்ணும் தண்ணீரும். உங்களுக்கு அருகிலுள்ள ஆரோவில்லில், 1968-இல் நகரம் தொடங்கியபோது செம்மண் மேடு மழைக்கு அரித்து ஓடைகளாகக் கிழிந்து கிடந்தது. அங்கே வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தியது காடு வளர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். நீங்களும் சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி உயர வரப்புகளை ஆவணிக்குள் போட்டுவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை நிலத்திலேயே இறங்கும்.

எது நடுவது என்பதற்கு விடை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் இருக்கிறது. நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. வீரை, பாலை, காயா, கருங்காலி, காட்டெலுமிச்சை போன்றவை பறவை வழியாக உங்கள் நிலத்துக்குத் தாமாக வந்துசேர நெடுங்காலம் பிடிக்கும். ஆகவே இவற்றை மட்டும் நூறு, நூற்றைம்பது கன்றுகள், தாமாக முளைத்த புதர்களின் ஓர நிழலில் நட்டால் போதும். கோயில் காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வரக்கூடாது. ஊராரிடம் கேட்டுக்கொண்டு, உதிர்ந்த விதையில் கொஞ்சம் எடுத்து வாருங்கள். நிலத்தோரத்து மரங்களில் கிடைக்கும் வேம்பு, இலுப்பை, நாவல் விதைகள் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழப்பவை; அவற்றைப் பழம் உதிரும் ஆனி, ஆடியிலேயே ஊன்றிவிட வேண்டும். வெளிநாட்டு மரங்களான தைல மரத்தையும் சுபாபுலையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நிலம் முழுவதையும் மரமாக்கவும் வேண்டாம். சரளை மேடாக, புல் மட்டும் இருக்கும் இடத்தைக் கோடையில் கவனியுங்கள். ஆள்காட்டி கத்திக்கொண்டே உங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டால், கூழாங்கற்களைப் போன்ற அதன் முட்டைகள் அருகில் எங்கோ வெறுந்தரையில் கிடக்கின்றன என்று பொருள். வானம்பாடிக்கும் கௌதாரிக்கும் வேண்டியதும் இத்தகைய திறந்த இடமே. அதைத் தரிசு என்று எண்ணிக் கன்று நடுவது, அங்கே குடியிருப்பதை விரட்டுவதாகும்.

அளவைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்றேகால் ஏக்கரில் நரி குடும்பம் நடத்தாது. ஆனால் கோயில் காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் பனைவரிசைக்கும் இடையே பறக்கும் பறவைக்கு அது இறங்கித் தின்று, விதை போட்டுப் போகும் இடமாகும். ஐந்து சென்ட் கொல்லை இருப்பவரும் ஒரு மூலையில் களாவையும் ஆதொண்டையையும் வளர்த்து, சருகைக் கொளுத்தாமல் விட்டாலே இதில் ஒரு பங்கைச் செய்ய முடியும்.

முதல் மூன்று ஆண்டுகள் நிலம் பார்ப்பதற்குக் கொழுஞ்சியும் ஆவாரையும் காய்ந்த புல்லுமாகவே இருக்கும். நிலத்தைப் பாழாக்கிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு வரும். அப்போது சுத்தம் செய்யும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். தை முடிவதற்குள் எல்லை நெடுகப் பத்தடி அகலத்துக்குப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை மட்டும் போடுங்கள். பங்குனியில் யாரோ வரப்பில் வைக்கும் நெருப்பு உள்ளே புகுந்தால் மூன்று ஆண்டுத் துளிர்களும் ஒரே பகலில் கருகிவிடும்.