அரசுகள் இணையக் குற்றவாளிகளின் கணினிகளுக்குள் புகுந்து தாக்குவது சரியா?

தாக்கலாம், ஆனால் தாக்குவதற்கென்று ஒரு மென்பொருள் ஓட்டையை, அதாவது பிறர் உள்ளே புக வழிவிடும் பிழையை, எந்த அரசும் பதுக்கி வைக்கக் கூடாது. நீங்களும் எதையோ பறிகொடுத்த ஆத்திரத்தில்தான் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். அந்த ஆத்திரம் எனக்கும் இருந்தது.

2017இல் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சித்திரைத் திருவிழாக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. மே 13, சனிக்கிழமை காலை, இரவெல்லாம் அணைக்காமல் விட்டிருந்த கணினியின் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று நின்றது; அதன் இடப்பக்கம் இரண்டு கடிகாரங்கள் பின்னோக்கி ஓடின. மூன்று நாளுக்குள் 300 டாலரைப் பிட்காயினாகக் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, ஏழு நாள் கடந்தால் கோப்புகள் கிடைக்கா என்றிருந்தது. "அது எந்த பேங்க்லப்பா கட்டணும்?" என்று அண்ணாச்சி கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உசிலம்பட்டி, மேலூர் கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி முழுவதும் அதில்தான் இருந்தது. ஜூலை 1இல் ஜிஎஸ்டி வரவிருந்ததால், லாரி செட் ரசீதுகளையும் பில்களின் கார்பன் நகல்களையும் வைத்து ஆறு வாரம் இரவு பகலாகக் கணக்கை மீட்டெழுதினோம். காவல் நிலையத்திலோ, பொருள் எதுவும் களவு போகவில்லையே என்று மனுவை வாங்க மறுத்துவிட்டார்கள்.

அது வான்னக்ரை; கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும், கணினிக்குக் கணினி தானாகவே பரவும் புழு நிரல். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளையே முடக்கிய அந்தப் புழு நுழைந்த வழி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை விண்டோஸில் கண்டறிந்து, தன் தாக்குதல்களுக்காக வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஓட்டை. அதற்கான கருவி திருடு போய், 2017 ஏப்ரலில் இணையத்தில் கொட்டப்பட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டதே, ஏற்றாதது உங்கள் குற்றம்தானே என்று சிலர் வருவார்கள். எங்கள் குற்றமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையைக் கண்ட அன்றே சொல்லியிருந்தால், நாங்கள் 2015இல் வாங்கிய கணினி அந்தத் திருத்தத்தோடே கடைக்கு வந்திருக்கக்கூடும்.

இதனால் நான் தாக்குதலையே எதிர்க்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து எமோடெட் என்ற, பணம் பறிக்கும் நிரல்களுக்கு வழி திறந்துவிட்ட தீநிரல் வலையமைப்பின் வழங்கிகளை (சர்வர்களை) கைப்பற்றி, பாதிக்கப்பட்ட கணினிகளுக்கு அதன் வழியாகவே ஒரு கோப்பை அனுப்பி, ஏப்ரல் 25இல் அந்தத் தீநிரலைச் செயலிழக்கச் செய்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே அது மீண்டும் தலைதூக்கியது உண்மைதான். இருப்பினும் இடைப்பட்ட மாதங்களில் எத்தனையோ கடைக் கணக்குகள் பிழைத்திருக்கும்.

தாக்குதல் வந்த இடத்தைத் தேடித் திருப்பி அடிக்க வேண்டும் என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை இரவு எங்கள் கணினியும் சும்மா இருக்கவில்லை. கிட்டங்கியில் இருந்த மற்றொரு கணினியைக் கெடுத்ததே அதுதான், ஊர் பேர் தெரியாத கணினிகளின் கதவையும் அது தட்டியிருக்கும். எந்த அரசாவது அன்று திருப்பி அடித்திருந்தால், அந்த அடி கீழமாசி வீதியில்தான் விழுந்திருக்கும்.