சிறு நிறுவனப் பங்குகளில் பணம் போடும் ஸ்மால் கேப் ஃபண்டை நீண்டகாலம் வைத்திருந்தவர்களுக்கு வரலாற்றில் உண்மையில் எவ்வளவு கிடைத்திருக்கிறது?

சுருக்கமாகச் சொன்னால் கூட்டு வளர்ச்சியில் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம். பெரிய நிறுவனப் பங்குகளுக்கு 10. நானும் பல வருடம் என் எக்செல் தாளில் ஸ்மால் கேப்புக்கு 12, லார்ஜ் கேப்புக்கு 10 என்று போட்டு, முப்பது வருடத்துக்கு இழுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த 12 எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் நோண்டிப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

இவ்வளவு நீளமான கணக்கு அமெரிக்கச் சந்தைக்குத்தான் ஒழுங்காக இருக்கிறது. இபாட்சன், சிங்க்ஃபீல்டு என்ற இரண்டு நிதி ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த தொகுப்பு அது. 1926 தொடக்கத்தில் ஒரு டாலரைப் பெரிய நிறுவனப் பங்குகளில் போட்டு, வரும் டிவிடெண்டையும் அதிலேயே திரும்பப் போட்டிருந்தால் 2017 முடிவில் சுமார் 7,350 டாலர். அதே டாலர் சிறு நிறுவனப் பங்குகளில் சுமார் 36,900. ஐந்து மடங்கு! ஸ்மால் கேப்பைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

இனி அந்த ஐந்து மடங்கைப் பிரித்துப் பார்ப்போம். 1975 முதல் 1983 வரையிலான ஒன்பது வருடங்களில் சிறு பங்குகள் ஆண்டுக்கு 35 சதவீதம் வளர்ந்தன. பெரியவை 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், அந்த ஒன்பது வருடம் மட்டுமே சிறியவற்றை நான்கு மடங்கு முன்னே தள்ளிவிடுகிறது. ஐந்தை நான்கால் வகுத்தால் மிச்சம் சுமார் ஒன்றேகால் மடங்குதான். அதாவது மீதி 83 வருடமும் சேர்ந்து கொடுத்த கூடுதல் அவ்வளவுதான். ஆண்டுக்குக் கால் சதவீதம். பேராசிரியர் ஜெரமி சீகல் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். எனக்குத்தான் காதில் விழவில்லை.

சரி, அந்த ஒன்பது வருடம் ஏன் அப்படி ஓடியது? எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய பணமெல்லாம் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சிறியவற்றைச் சீண்ட ஆளில்லை. 1969 தொடக்கத்தில் சிறு பங்குகளில் இருந்த 100, 1974 முடிவில் 42 ஆகியிருந்தது. அப்புறம் அமெரிக்காவில் 1974-இல் வந்த ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதிய நிதிகள் பணத்தைப் பரவலாகப் போடுவதற்கு வழி திறந்துவிட்டது. கிடந்த விலையிலிருந்து எழுந்த ஓட்டம் அது. ஆறு வருடம் அடிவாங்கி 42-இல் நின்றவர்களில் எத்தனை பேர் 1975 ஜனவரியில் இன்னும் உள்ளே இருந்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம் என்னை அதிகம் உறுத்தியது. அந்தத் தொகுப்பில் 1926 முதல் 1981 வரையிலான 56 வருடமும் காகிதக் கணக்கு. நியூயார்க் சந்தையின் மிகச் சிறிய ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களை எடுத்து, அவற்றை வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்ட கணக்கு. கமிஷன் கிடையாது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி கிடையாது. சிறு பங்குகளில் அந்த இடைவெளிதான் ஆளையே விழுங்கும். 1982 முதல்தான் உண்மையான ஒரு ஃபண்டின் வருமானம் அந்தத் தொகுப்பில் வருகிறது. சிறு பங்குகள் அதிகம் கொடுக்கின்றன என்று ரோல்ஃப் பான்ஸ் என்ற ஆய்வாளர் 1981-இல் கட்டுரை வெளியிட்டார்; அதே வருடம் தொடங்கிய டிஎஃப்ஏ என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஃபண்ட் அது. நிறுவனர்களில் ஒருவர் அதே சிங்க்ஃபீல்டு.

அந்த ஃபண்டில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்களுக்கு என்ன ஆனது? முதல் இரண்டு வருடம் அமர்க்களம். 1984 தொடக்கத்தில் இருந்த 100, 1990 முடிவில் 120. பெரிய நிறுவனப் பங்குகளில் இருந்த 100 அதே ஏழு வருடத்தில் 260. ஃபண்டை நடத்தியவர்கள் மேல் தவறு இல்லை. சிறு பங்குகளே அப்படித்தான் போயின. ஏழு வருடம் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டரை மடங்கு ஆக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது.

சராசரி என்றதும் ஒரு எச்சரிக்கை. சில விளம்பரங்களில் சிறு பங்குகளுக்கு 16 சதவீதத்துக்கு மேல் காட்டுவார்கள். அது வருடா வருட எண்களைக் கூட்டி வகுத்த வெறும் சராசரி. கையில் சேருவது 12 தான். ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே பள்ளம் விழும். 1933-இல் சிறு பங்குகள் ஒரே வருடத்தில் 143 சதவீதம் ஏறின. கேட்கவே தலை சுற்றும். ஆனால் 1929 முதல் 1932 வரை அவை 100-ஐ 14 ஆக்கியிருந்தன. 143 சதவீதம் ஏறியும் 35-ஐத் தொடவில்லை.

ஸ்மால் கேப் ஃபண்டுக்கு உள்ளேயே ஒரு முரண் உண்டு. நன்றாக வளரும் கம்பெனி ஒரு கட்டத்தில் சிறு நிறுவனம் என்ற எல்லையைத் தாண்டிவிடும்; ஒரு பங்குப் பட்டியலை (இன்டெக்ஸை) அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்ட் அதை விற்றே ஆகவேண்டும். பெரிதாக இருந்து சரிந்த கம்பெனி கீழே வந்து சேரும். ஜெயிப்பவன் வெளியே போகிறான், தோற்றவன் உள்ளே வருகிறான். அதனால் எந்த இன்டெக்ஸைப் பின்பற்றுகிறது என்று பார்ப்பது அவசியம். அமெரிக்கச் சிறு நிறுவன இன்டெக்ஸ்களில் ஒன்றான ரஸ்ஸல் 2000-இல் லாபமே இல்லாத நிறுவனங்களும் தாராளமாக இருக்கும். இன்னொன்றான எஸ் அண்ட் பி ஸ்மால் கேப் 600-இல் நுழைய லாபம் காட்டியிருக்க வேண்டும். 1994-இல் தொடங்கியதிலிருந்து பின்னது கணிசமாக முந்தியிருக்கிறது. லாபம் ஈட்டும், விலை மலிவான சிறு நிறுவனங்கள் என்று வடிகட்டினால் அந்தக் கூடுதல் வருமானம் கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வெறும் "சிறியது" என்ற தகுதிக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ரஸ்ஸல் 2000 உச்சத்திலிருந்து 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இரவு பதினொரு மணிக்குப் போனில் கணக்கைத் திறந்தேன். ஏழு வருடமாகப் போட்டதில் லாபம் என்று ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. விற்கவில்லை, அவ்வளவு தைரியம் இருந்தது. ஆனால் மாதாமாதம் போகும் தொகையை நிறுத்திவிட்டேன். "நிலைமை தெளியட்டும்" என்று மனைவியிடம் சொன்னதாக ஞாபகம். தெளிந்தபோது டிசம்பர் ஆகியிருந்தது. அடுத்த மார்ச்சுக்குள் அந்த இன்டெக்ஸ் அடிமட்டத்திலிருந்து இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஃபண்டின் அறிக்கையில் ஒரு வருமானம் இருக்கிறது, என் கணக்கில் அதைவிடக் குறைந்த ஒன்று. இடையில் உள்ள வித்தியாசம் முழுக்க நான் சும்மா இருந்த அந்த ஒன்பது மாதம்.

அப்புறம் 2021 நவம்பரில் வந்த உச்சத்தை மறுபடி தாண்டி முடிய 2025 செப்டம்பர் ஆனது. அந்த முறை நிறுத்தவில்லை. ஃபண்டை இன்னும் வைத்திருக்கிறேன், மொத்தப் பங்கு முதலீட்டில் ஏழில் ஒரு பங்கு. எக்செல் தாளில் மட்டும் ஒரு திருத்தம்: இரண்டு வரிசையிலும் இப்போது ஒரே எண்தான்.