கணினிக் கேள்வி பதில்: ‘ஃபால்ஸ்’ என்று எழுதியும் ஏன் அணையவில்லை?

கேள்வி: கொழும்பிலுள்ள சிறிய மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் இணையச் செயலியை ‘வீட்’ (Vite) கருவியால் பில்ட் செய்கிறோம், அதாவது எழுதிய நிரலை உலாவிக்கு ஏற்ற கோப்புகளாக ஆக்குகிறோம். சோதனைப் பலகம் வாடிக்கையாளரின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக ‘வீட்_டீபக்’ (VITE_DEBUG) என்ற சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்புக்கு) ‘ஃபால்ஸ்’ (false, இல்லை) என்று மதிப்புக் கொடுத்தேன், பலகம் மறையவில்லை. பின்னர் சேவையகத்தில் அந்த மதிப்பையே நீக்கிப் பார்த்தும் பயனில்லை. ஏன்?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இங்கே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பின் காலந்தொட்டே சூழல் மாறிகளின் மதிப்புகள் வெறும் எழுத்துச் சரங்கள்தாம். அவற்றுக்கு ஆம், இல்லை என்ற வகை கிடையாது. வெற்றுச் சரத்தைத் தவிர வேறெந்தச் சரத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் நிபந்தனையில் உண்மை என்றே கொள்வதால், ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லும், ‘0’ என்ற எழுத்தும் உங்கள் பலகத்தைத் திறந்தே வைக்கும். மாறியை அப்படியே நிபந்தனையில் இடாமல், அதன் மதிப்பு ‘ட்ரூ’ (true, ஆம்) என்ற சரத்துக்குச் சமமா என்று ஒப்பிடுங்கள். அப்போது மாறியை எழுத மறந்தாலும் பலகம் மூடியே இருக்கும். நிரல்களை பில்ட் செய்யும் பழைய ‘மேக்’ (make) கருவியிலும் இதே சிக்கல் உண்டு: அதன் ‘இஃப்டெஃப்’ (ifdef) கட்டளை மதிப்பு வெறுமையா என்று மட்டுமே பார்க்குமேயன்றி, அதன் பொருளைப் பார்க்காது.

அடுத்தது காலம் பற்றியது. வீட், பில்ட் செய்யும் வேளையிலேயே மாறியின் மதிப்பை எடுத்து, உலாவிக்குச் செல்லும் கோப்பில் நேரடியாகப் பதித்துவிடுகிறது. அதன் பிறகு சேவையகத்தில் மதிப்பை மாற்றுவது, அச்சாகிக் கடைக்குப் போய்விட்ட இதழின் பிழையை மூலப் பிரதியில் திருத்துவதற்கு ஒப்பாகும். மீண்டும் பில்ட் செய்ய வேண்டும். அல்லது, இடையில் மாறக்கூடிய அமைப்புகளைத் தனி ஜேசன் (JSON எனும் எளிய தரவு வடிவ) கோப்பில் வைத்து, செயலி தொடங்கும்போது படிக்கச் செய்யலாம். ஒரே பில்டைச் சோதனைத் தளத்திலும் வாடிக்கையாளர் தளத்திலும் பயன்படுத்துவதாயின் இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘வீட்_’ என்ற முன்னொட்டுடைய மாறிகளைச் செயலியின் நிரலில் பயன்படுத்தினால், அவற்றின் மதிப்புகள் வாடிக்கையாளரின் உலாவிக்கே போய்ச் சேரும். ஆகவே தரவுத்தளக் கடவுச்சொல் போன்றவற்றுக்கு அந்த முன்னொட்டை இடாதீர்கள்.