உப்பையும் துணியையும் திரும்பப் பெறுவது எப்படி? கேள்வி பதில்

திருப்பூர்ப் பகுதியில் சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைப்பதும் நடத்துவதும் என் தொழில். தொழிற்சாலைகளில் சுழற்சிப் பொருளாதாரத்தை, அதாவது கழிவை மறுபடி மூலப்பொருளாக்கும் முறையைக் கடைப்பிடிப்பது பற்றி வந்த கேள்விகளில், நாளை காலை பட்டறையில் செய்து பார்க்கக்கூடிய பதில் உள்ளவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். தோல், வார்ப்படத் தொழில்களிலிருந்து வந்த கேள்விகளையும் விடவில்லை.

கேள்வி (சாயப்பட்டறை உரிமையாளர், அவிநாசி): ஐயா, எங்கள் பட்டறையில் தண்ணீர் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் மிச்சக் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரிலிருந்து வரும் கலப்பு உப்பு (சல்பேட்டும் குளோரைடும் கலந்தது) ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. வாங்க ஆளில்லை. என்ன செய்வது?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். விடை எவாப்பரேட்டரில் இல்லை, உங்கள் சாய அறையில் இருக்கிறது.

சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் எடுக்கும் இயந்திரத்தில் ஒரு டன் துணிக்கு 480 கிலோ உப்பு போகிறது. 10 லிட்டர் எடுக்கும் பழைய இயந்திரமானால் 800 கிலோ. இந்த உப்பைத் துணி எடுத்துக்கொள்வதில்லை. போட்டது அத்தனையும் கழிவுநீரில் வெளியே வருகிறது. ஆகவே இயந்திரத்தை மாற்றினாலே உப்புச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். இதைச் செய்யாமல் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது, எந்த உப்பு என்பது. கறியுப்பை, அதாவது சோடியம் குளோரைடைப் போட்டால் அது கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கரைந்திருக்கும். ஆவியாக்கினால் ஒழிய வெளியே வராது. கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், அப்படியில்லை. 32 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரைந்திருப்பது, பூஜ்ஜியத்துக்கு அருகில் 5 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். செறிவூட்டிய கரைசலை 5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் கண்ணாடிச் சில்லுகளைப் போன்ற படிகங்கள் அடியில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கசடும் நிறமும் பெரும்பாலும் மேலிருக்கும் கரைசலிலேயே தங்கிவிடும். படிகத்தைப் பிழிந்தெடுத்து மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பலாம்.

இந்த வசதியைக் கெடுப்பது குளோரைடு கலப்பு. அது எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வெளுப்பதற்கு ஹைப்போகுளோரைட் போடுகிறீர்களா? பெராக்சைடுக்கு மாறுங்கள். காரத்தைச் சமன்செய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலமா? கந்தக அமிலம் போதும். போர்வெல் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கழுவக் கறியுப்பு போகிறதா? சவ்வு வழியே அழுத்தி நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.விலிருந்து திரும்பி வரும் தண்ணீரே மென்மையானது. அதை முதலில் பயன்படுத்தினால் சாஃப்ட்னருக்கு வேலை குறைந்துவிடும். குளோரைடு உள்ளே வராதவரை கலப்பு உப்பு என்ற ஒன்று பெரிய அளவில் உருவாகாது.

இன்னொரு வழியும் உண்டு. ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புக்கரைசலில் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உலர்த்தாமல் கரைசலாகவே சாயமேற்றப் பயன்படுத்துவது. இது திருப்பூரில் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்து காட்டப்பட்ட முறை.

ஷெட்டில் இப்போது இருப்பதை முதலில் நனையாமல் காப்பாற்றுங்கள். கூரை ஒழுகினால் மழையோடு நிலத்தில் இறங்கிவிடும். பிறகு மாதிரி எடுத்து சல்பேட், குளோரைடு விகிதம் பாருங்கள். சல்பேட் மிகுந்திருந்தால் மறுபடி கரைத்து, நிறம் நீக்கி, குளிர்வித்து எடுக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): அண்ணா, தண்ணீரைக் காப்பாற்ற இவ்வளவு விறகையும் மின்சாரத்தையும் செலவழிப்பது எப்படிச் சுழற்சியாகும்?

பதில்: நியாயமான கேள்வி, தம்பி. ஒரு டன் நீரை ஒரே கட்டத்தில் ஆவியாக்க ஏறத்தாழ 627 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் வேண்டும். ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல கட்ட எவாப்பரேட்டரில் இது சில மடங்கு குறையும். ஆவியையே அழுத்தி மறுபடி வெப்பமாக்கும் இயந்திரங்களில் இன்னும் வெகுவாகக் குறையும். ஆனாலும் செலவு செலவுதான். அதனால்தான் ஆர்.ஓ. எவ்வளவு நீரைப் பிரித்தெடுக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறோம். 100 லிட்டரில் 80 லிட்டர் ஆர்.ஓ.வில் பிரிந்தால் 20 லிட்டரை ஆவியாக்க வேண்டும். 90 லிட்டர் பிரிந்தால் அந்த வேலை பாதியாகிவிடும். உன் ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொள். நல்ல தலைப்பு.

கேள்வி (விவசாயி, நொய்யல் கரை): சாயத் தண்ணீரால் எங்கள் கிணறுகள் கெட்டுப்போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது சுழற்சி, மறுபயன்பாடு என்று புதுப் பெயர் சொல்கிறீர்கள். எங்களுக்கு என்ன பயன்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியது சாயநீர். கழிவுநீரே வெளியேறாத முறைக்குச் சாயத்தொழில் தானாக மாறிவிடவில்லை. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே மாற்றம் முழு வேகம் பிடித்தது. இன்று இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நாங்கள் பெருமையாகப் பேசுகிறோம் என்றால் அதற்கு விலை கொடுத்தவர்கள் நீங்கள்.

பயனைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன். புதிய உப்பு நிலத்துக்கு வருவதை இது நிறுத்தும். ஏற்கெனவே மண்ணிலும் நிலத்தடியிலும் இறங்கியதை எடுத்துத் தராது. அதை நல்ல மழைதான் மெல்ல மெல்லக் கழுவ வேண்டும். சோடியம் ஏறி இறுகிய மண்ணுக்கு ஜிப்சம் உதவும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை செய்து முடிவு செய்யுங்கள். கிணற்று நீரின் உப்பளவை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பின்னும் உப்பு ஏறிக்கொண்டே போனால் எங்கோ யாரோ திறந்து விடுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் குறிப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி (பின்னலாடை நிறுவன மேலாளர், அனுப்பர்பாளையம்): கட்டிங் வேஸ்டுக்கு நல்ல விலை கிடைப்பதில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வெட்டு மேசைக்குக் கீழே எத்தனை சாக்குகள் இருக்கின்றன? பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, லைக்ரா கலந்தது, பிரிண்ட் போட்டது எல்லாம் அதற்குள்ளேயே போகின்றன. 100 கிலோ துணி வெட்டினால் மாடலைப் பொறுத்து 10 முதல் 20 கிலோ வரை துண்டாக விழும். நிறத்துக்கு ஒரு சாக்கு வைத்தால் அது மூலப்பொருள். ஒரே சாக்கில் போட்டால் அது குப்பை.

காரணம் இதுதான். ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் இந்தத் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி நூற்கின்றன. நிறம் பிரித்த துண்டிலிருந்து வரும் நூல் ஏற்கெனவே நிறமுள்ளது. அதற்கு மறுபடி சாயம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மேலே சொன்ன உப்பும் வேண்டாம். லுங்கி, போர்வை, கரூரில் நெய்யும் வீட்டு உபயோகத் துணிகள் வரை அந்த நூல் போகிறது. லைக்ரா கலந்தால் கிழிக்கும்போது ரப்பராக இழுபட்டு இயந்திரத்தில் சுற்றும். மில்காரர் விலையைக் குறைப்பதில் தவறில்லை. வெட்டுபவரிடமே பிரிக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் கூடுதல் விலையில் அவருக்கும் பங்கு கொடுங்கள், பிரிப்பது நிலைக்கும்.

கேள்வி (ஏற்றுமதியாளர், திருப்பூர்): முழுக்க மறுசுழற்சி நூலில் டி-ஷர்ட் வேண்டும் என்று வெளிநாட்டு வாங்குநர் கேட்கிறார். தரம் வருமா?

பதில்: கிழித்த பஞ்சின் இழை குட்டையானது. அதனால் பொதுவாக 20-ஆம் கவுண்டுக்குள் (கவுண்டு கூடக் கூட நூல் மெல்லியதாகும்) நூற்பதே எளிது. மெல்லிய டி-ஷர்ட்டுக்குப் புதுப் பருத்தியோ பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டரோ கலந்தாக வேண்டும். உலகளாவிய மறுசுழற்சித் தரச்சான்றான ஜி.ஆர்.எஸ். பெற 20 சதவீதமும், ஆடையில் அதன் முத்திரையைப் போட 50 சதவீதமும் மறுசுழற்சிப் பொருள் இருந்தால் போதும். இதை வாங்குநரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பருத்தியோடு பாலியஸ்டரைக் கலந்து செய்த ஆடையை அடுத்த சுற்றில் பிரிப்பது மிகக் கடினம். என் விருப்பம், கனமான துணியாக இருந்தாலும் முழுப் பருத்தியாகவே செய்வது.

கேள்வி (தோல் பதனிடுபவர், ராணிப்பேட்டை): குரோமியத்தைத் திரும்ப எடுப்பது சிறிய ஆலைக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: தோலைப் பதனிடப் போடும் குரோம் உப்பில், வழக்கமான முறையில் தோல் ஏற்பது ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் குரோமியத்தைத்தான். மீதி நீங்கள் காசு கொடுத்து வாங்கி வடிகாலில் விடுவது. டிரம்மிலிருந்து இறங்கும் குரோம் கரைசலைத் தனித் தொட்டியில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் ஹைட்ராக்சைடாக நன்றாகப் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்து, புதிய குரோம் உப்போடு சேர்த்துப் பயன்படுத்தலாம். அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதில் நெடுநாள் வேலை செய்திருக்கிறது, அங்கே கேளுங்கள். சிறியவர்கள் சிலர் சேர்ந்து பொதுவாக ஒரு மீட்பு நிலையம் அமைப்பது நல்லது. சுண்ணாம்புக் கழிவுநீர் ஒரு வாளிகூட அந்தத் தொட்டியில் விழக்கூடாது.

கேள்வி (வார்ப்படப் பட்டறை, கோவை): பயன்படுத்திய மணலை என்ன செய்வது?

பதில்: பிசின் கலந்த மணலையும் பென்டோனைட் களிமண் கலந்த ஈரமான பச்சை மணலையும் தனித்தனியே கொட்டுங்கள். பிசின் மணலை உரசியோ சூடாக்கியோ பெருமளவு மீட்கலாம். பச்சை மணல் அநேகமாக உங்கள் பட்டறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி (சாயப்பட்டறை மேற்பார்வையாளர், பல்லடம்): சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடான ஸ்லட்ஜைச் செங்கல் சூளைக்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அது அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை மூலப்பொருளாகப் பயன்படுத்துபவருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதியுள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புங்கள். அங்கே சூளைக்குள் பொருள் 1,400 டிகிரிக்கு மேல் சூடாகிறது, சாம்பலும் சிமெண்டிலேயே சேர்ந்துவிடுகிறது.

கேள்வி (சிறு சாயப்பட்டறை உரிமையாளர், மங்கலம்): புதிதாக முதலீடு செய்யப் பணமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் துணி எத்தனை கிலோ, உப்பு எத்தனை கிலோ, எந்த உப்பு, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று ஒரு மாதம் எழுதுங்கள். உப்பை முறத்தால் அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தி, தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். இளநிறத்துக்கும் அடர்நிறத்துக்கும் ஒரே அளவு உப்பு போவது பல பட்டறைகளில் அந்த நோட்டில்தான் முதன்முதலாகத் தெரியவரும். எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த நிறத்தில் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.