குளிசைப் பை யாருடைய கையில்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பத்து வருசமாகப் பிரஷர். அப்பா போன வருசம் மோசம் போனபிறகு ஒருவரோடும் கதைப்பதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. இப்போது உலையை வைத்துவிட்டு மறந்துபோகிறா. சாப்பிட்டீங்களா என்றால் "தெரியாது" என்கிறா. குளிசைகளைத் தானே எடுத்துப் போடுவா, அதில் கரைச்சல் இல்லை. இது மறதி நோயா?
- மகள், சுன்னாகம்

பதில்: சாப்பிட்டது நினைவில்லாத மனுசிக்குக் குளிசை போட்டது மட்டும் எப்படிப் பிள்ளை நினைவிருக்கும்? இன்றைக்கே பையைக் கொட்டி எண்ணும். கிளினிக் கொப்பியில் கடைசித் திகதி எது, தந்தது எத்தனை, மிச்சம் எத்தனை? குறைவாகக் கிடந்தால் மறந்து இரண்டுதரம் போடுகிறா. எழும்பும்போது தலைசுற்றி விழுத்தும். கூடக் கிடந்தால் விட்டுவிட்டுப் போடுகிறா. அதற்காக நாளைக்கே முழுவதையும் கொடுக்கத் தொடங்காதேயும். பிரஷர் இறங்கவில்லை என்று டொக்டர் அளவைக் கூட்டியிருப்பார், அவருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அந்தக் கூட்டின அளவு முழுதாக உள்ளே போனால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடலாம். முதலில் அவரிடம் சொல்லும்.

பிரஷர் வருசக்கணக்கில் மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்ணிய நாளங்களைத் தடிக்க வைத்து ஒடுக்கும். முதலில் அடிபடுவது பழைய நினைவல்ல, ஒரு வேலையைத் தொடங்கி ஒழுங்காக முடிக்கிற திறன். உலை அதுதான். மனச்சோர்வும் கைவைப்பது அங்கேதான்: கவனம் பதியாது, பதியாததைப் பிறகு எங்கே தேடுவது? சோர்வால் குளிசை தவறும், தவறப் பிரஷர் ஏறும். எடுத்தவுடன் "தெரியாது" என்பது சோர்வில்தான் அதிகம்; மறதி நோய்க்காரர் பெரும்பாலும் சமாளிப்பார். ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரும், ஆனபடியால் வீட்டிலிருந்து பெயர் வைக்க வேண்டாம்.

ஏழு நாள், காலைக் குளிசைக்கு முன்னும் இரவும் அளந்து எழுதும். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் போகட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்திருக்க விட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டுதரம். சராசரி 135/85ஐத் தாண்டினால் கூடுதல். எழுப்பி நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மேல் இலக்கம் 20 விழுந்தால் அதையும் குறியும். சோடியம், தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனைகளைக் கேளும். சலம் போக்கும் பிரஷர் குளிசையோடு மனச்சோர்வுக் குளிசையும் சேர்ந்தால் சிலருக்குச் சோடியம் இறங்கி, அதுவே தடுமாற்றம் தரும்.

இனி அந்தப் பை உம்முடைய கையில் இருக்கட்டும். பெற்ற தாய்க்குக் குளிசை எடுத்துக் கொடுப்பது பிள்ளையின் வேலை. கொடுத்துவிட்டு ஓடாமல் கூட இருந்து ஒருவாய் சாப்பிடும், அப்பாவைப் பற்றிக் கதையும். மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதேயும். திடீரென்று வாய் கோணினால், நாக்குக் குழறினால், ஒரு கை சோர்ந்தால் பிரஷர் அளந்துகொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியும்.